சுடுமணலில் பத்து நிமிடம்

6

அலைச்சறுக்குப் போட்டியின் முதலுதவிக் கூடாரத்திலிருந்து காணாமல் போனவை மூன்று கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். உள்ளே இருந்தது, ஊசி போட்ட இடத்தை மரத்துப்போகச் செய்கிற மருந்து. பல் பிடுங்குவதற்கு முன்னால் போடுவார்களே, அந்த இனம்.

அமைப்புக் குழுத் தலைவர் இதை "சர்வதேசச் சதி" என்றார். அவருக்கு எல்லாமே சர்வதேசம்தான். போன வாரம் கடற்கரையில் நடமாடும் கழிப்பறைகளைத் திறந்துவைத்தபோதும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். ரிப்பன் வெட்டினார். முதல் ஆளாக உள்ளே போகச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார்.

"என்னுடைய நாற்பது வருஷப் பொதுவாழ்க்கையில..." என்று இப்போது ஆரம்பித்தார்.

"உட்கார்ந்துக்கட்டுமா?" என்றாள் க்ளெய்ம் அக்காள். பதிலுக்குக் காத்திராமல் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் விபத்து க்ளெய்ம்களைச் சரிபார்த்தவள். கழுத்துப் பட்டையோடு வந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு மேல் தூக்குவதைப் படமெடுத்தவள். அந்த வேலையை விட்டபின் ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் வைத்திருந்தாள். மனிதர்கள் பேரில் அவளுக்குக் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. இரண்டும் தீர்ந்துபோய் வெகு காலமாகிறது.

அவளுடைய உதவியாளனுக்கு முப்பத்தெட்டு வயது. பரிசுச் சீட்டு வண்டியில் ஒலிபெருக்கி பிடித்தவன். எல்லோரும் 'தகரம்' என்றார்கள். தட்டாமலேயே சத்தம் வரும் என்பதால்.

"விஷயம் ரொம்ப எளிசும்மா," என்றார் தலைவர். "மருந்து அலமாரிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு இந்த சிஸ்டர்கிட்ட. இன்னொண்ணு உறையில போட்டு, அரக்கு வச்சு, என் ஆபீஸ்ல இருக்கு. பூட்டு உடையல. அப்போ எடுத்தது யாரு?"

"உறையைத் திறந்து பார்த்தீங்களா?"

"அரக்கே உடையலையே, எதுக்குத் திறக்கணும்?"

"அரக்கு வச்சது யாரு சார்?" என்றான் தகரம்.

"நானேதான்."

"அப்ப ரொம்ப நம்பகமான அரக்கு."

தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதியது. முதலுதவிக் கூடாரத்தின் நர்ஸ் போதைப்பொருளைக் களவாடினார் என்று மூன்று பத்தி. கீழே மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த மேற்பார்வையாளர் உலக சம்மேளனத்திலிருந்து வந்த அம்மாள். அகலமான தொப்பிக்கு அடியில், எட்டு நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணரைக்கு ஃபைனல்ஸ் முடிஞ்சதும் மேடம் கையெழுத்துப் போடுவாங்க. வெளியாள் விசாரணை அறிக்கை ஒண்ணு கூடவே இணைக்கணும்னு விதி. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது. ஒரு பக்கம் எழுதினாப் போதும். நான் வேணும்னா சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க."

"நாங்களே யோசிச்சுப் பார்க்கறோம் சார். பழக்கமில்லதான், இருந்தாலும்," என்றான் தகரம்.

தலைவர் போனார். போகும்போது கூடாரத்து வாசலில் நினைவு மலரின் நான்கு பிரதிகளை வைத்துவிட்டுப் போனார். அறுபத்து நாலு பக்கம், பளபளத் தாள். போட்டியைப் பற்றி ஆறு பக்கம், அவரைப் பற்றிப் பதினோரு பக்கம், மீதியெல்லாம் வாழ்த்துச் செய்தி. கடற்கரை முழுக்க அதைத்தான் விசிறியாகவும் நிழலாகவும் உட்காரும் பலகையாகவும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள் என்று யாரும் இல்லை. க்ளெய்ம் அக்காள் ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, இதையா படிக்கிறீங்க?"

"பொடி எழுத்தைப் பார்த்தா விட முடியல. இருபத்திரண்டு வருஷ வியாதி."

மணி பத்தரை.

நர்ஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சாவியைக் காலையிலேயே பிடுங்கிவிட்டார்கள். அலமாரிக்குக் குறுக்கே காகிதம் ஒட்டி முத்திரை வைத்திருந்தார்கள். அடிபட்டு வருகிறவர்களுக்கு அவளால் தரக்கூடியது உட்கார இடம் மட்டும்தான்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க சிஸ்டர்?"

"ஏழு மணிக்கு. எண்ணிப் பார்த்தேன், மூணு குறைஞ்சுது. நானே போய்ச் சொன்னேன்."

"நீங்களே சொன்னதை வச்சே உங்களை மாட்டி விட்டுட்டாங்களா?" என்றான் தகரம். "இதுக்குத்தான் நான் எதையும் எண்றதில்ல."

"கடிதம் போனா என்னாகும்?" என்றாள் க்ளெய்ம் அக்காள்.

"பதிவு ரத்து. பன்னிரண்டு வருஷ சர்வீஸ். வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்." பேருந்து நிறுத்தங்களைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "காலையில அழலாம்னு உட்கார்ந்தேன். வரல. அப்படியே இருக்கு."

க்ளெய்ம் அக்காள் ஆறுதல் சொல்லவில்லை. அது அவளுக்கு வராது. "அலமாரியில இருந்த மற்றதெல்லாம் என்ன?"

"வலி மாத்திரை, தூக்க ஊசி, தையல் சாமான்."

"தூக்க ஊசி இருந்தும் எடுக்கல."

"எடுக்கல."

"போதைக்குத் திருடறவன் அதை விட்டுட்டுப் போறதுன்னா, கல்யாண வீட்டுக்குப் போய் பந்தியில உட்காராம திரும்பி வர்ற மாதிரி," என்றான் தகரம்.

"இன்னொண்ணு." நர்ஸ் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "மரக்கிற மருந்துல ரெண்டு வகை. சிவப்பு லேபிள், பச்சை லேபிள். சிவப்பு ரொம்ப நேரம் நிக்கும், ஆனா ரத்தக்குழாயைச் சுருக்கும். அதனால கைவிரல், கால்விரல் பக்கம் அதைப் போடக்கூடாதுன்னு முதல் வருஷமே தலையில குட்டிச் சொல்லித்தருவாங்க. சிவப்புதான் முன்வரிசையில இருந்துது. எடுத்தவங்க அதை நகர்த்தி வச்சுட்டு, பின்னாடி இருந்த பச்சையை எடுத்திருக்காங்க."



"அப்ப, படிச்சவங்க வேலை," என்றாள் க்ளெய்ம் அக்காள். "மரக்க வேண்டியது கை, இல்லேன்னா கால்."

"படிச்சவங்கன்னு சொன்னா என்னைத்தான் சொல்வாங்க. டாக்டர் நேத்து மத்தியானமே ஒரு பையனோட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார், தோள்பட்டை இறங்கிப்போச்சுன்னு. இன்னும் வரல. இங்க நான் மட்டும்தான்."

"மூணு குப்பி எதுக்கு?"

"ஒரு விரலுக்கு ஒண்ணே அதிகம். மூணையும் சேர்த்துப் போட்டா..." நர்ஸ் தன் பாதத்தைப் பார்த்தாள். "கணுக்கால்ல சரியான இடம் தெரிஞ்சு போட்டா, உள்ளங்கால் மொத்தமும் மரத்துப்போகும். ஒண்ணரை மணி, ரெண்டு மணி நேரம்."

க்ளெய்ம் அக்காள் நினைவு மலரில் விரலை அடையாளம் வைத்து மூடினாள். "இன்னிக்கு ஃபைனல்ஸ்ல இறங்கற யாரோ ஒருத்தருக்குக் கால்ல அடி. சொன்னா டாக்டர் பரிசோதிச்சு வெளியேத்திடுவார். அதனால சொல்லல."

"பொண்ணுங்க நாலு, பசங்க நாலு. எட்டுப் பேர்தானே?" என்றான் தகரம். "போய் ஒவ்வொருத்தர் காலாத் தூக்கிப் பார்த்துட்டா முடிஞ்சுது."

"லாடம் அடிக்கிறவனா நீ? நாலு நாட்டு மேனேஜர்கிட்ட அனுமதி கேக்கணும். எழுதிக் கேக்கணும். பதில் வரும்போது அடுத்த வருஷப் போட்டி ஆரம்பிச்சிடும்."

"அப்ப நொண்டறவங்களைப் பார்ப்போம்."

"மரத்த கால் நொண்டாதுடா. வலிச்சாத்தானே நொண்டும்." அவள் எழுந்தாள். "இத்தனை வருஷமா வலி இல்லாதவங்க வலிக்குதுன்னு நடிக்கிறதைப் பிடிச்சேன். இது தலைகீழ். பிடிக்கிற வழியும் தலைகீழாத்தான் இருக்கணும்."

கூடாரத்துக்கு வெளியே வெயில் மணலில் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. தகரம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்தான். மூன்றாவது அடியில் "ஐயோ அம்மா" என்று குதித்து மரப்பலகைப் பாதையில் ஏறினான்.

க்ளெய்ம் அக்காள் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை நடந்து காட்டு."

தலைவரின் பந்தல் கடலுக்கு மிக அருகில் இருந்தது. அலையால் மட்டும்தான் அனுமதிச் சீட்டு இல்லாமல் அதற்குள் வர முடியும். உள்ளே சிவப்புக் கம்பளம், மேஜை விசிறி, பழச்சாறு. தலைவர் கோட்டும் சூட்டுமாக இருந்தார். பளபளக்கும் தோல் ஷூ. எட்டு நாளில் அந்த ஷூ ஒரு தடவைகூட மணலைத் தொட்டதில்லை. காரிலிருந்து மரப்பலகைப் பாதை, பாதையிலிருந்து கம்பளம்.

"சார், ஒரு சின்ன விண்ணப்பம்," என்றாள் க்ளெய்ம் அக்காள். "ஃபைனல்ஸுக்கு முன்னாடி எட்டுப் பிள்ளைங்களையும் வரிசையா நிக்க வச்சு நீங்க நாலு வார்த்தை பேசினா நல்லாருக்கும்."

தலைவர் அசந்துபோனார். நாற்பது வருஷத்தில் அவரைப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவராகத்தான் பேசுவார்.

"பேசலாம். ஆனா அஞ்சு நிமிஷம்தான் ஒதுக்க முடியும்."

"பத்து நிமிஷமாவது வேணும் சார்," என்றான் தகரம். "அஞ்சு நிமிஷத்துல உங்க முன்னுரைகூட முடியாது."

"அதுவும் சரிதான்." டையைச் சரிசெய்துகொண்டார். "என் தம்பி பொண்ணும் அதுல நிக்கிறா, தெரியுமில்ல? மஞ்சள் பனியன். நம்ம நாட்டுலேருந்து ஃபைனல்ஸுக்கு வந்த ஒரே ஆள். தம்பி போனப்புறம் நான்தான் வளர்க்கறேன். தங்கமான பொண்ணு. எதைச் சொன்னாலும் சரிம்பா."

பதினொன்றரைக்கு எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். கையில் பலகை, வெறுங்கால். கடலில் இறங்கியபின் பெயர் கிடையாது, பனியனின் நிறம்தான்: சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம். நடுவர்கள் கோபுரத்திலிருந்து நிறத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். பிள்ளைகளின் முகத்தில் எட்டு நாள் வெயிலும், அலைக்காகக் காத்துக் கிடந்த அலுப்பும் அப்பிக் கிடந்தன.

தலைவர் கம்பளத்தின் விளிம்பில் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கடல் என்றால் என்ன?"

கடல் அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நிமிடத்தில் சிவப்புப் பனியன் பெண் இடது காலைத் தூக்கி வலது முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு மாற்றினாள். நீலம் குதிகாலில் நின்றது, பிறகு விரல் நுனியில். ஒரு பையன் பலகையைக் கீழே போட்டு அதன்மேல் ஏறப் பார்த்தான், மேனேஜர் முறைத்தார், இறங்கிவிட்டான். மூன்றாவது நிமிடம் தலைவர் "அலை என்பது வாழ்க்கை" என்ற இடத்துக்கு வந்தபோது வரிசையே ஆடிக்கொண்டிருந்தது.

"உணர்ச்சிவசப்படறாங்க," என்று தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது.

"சரித்திரத்துல முதல் தடவையா அவர் பேச்சு ஒரு காரியத்துக்கு உதவுது," என்றான் தகரம்.

"பேசாம பாரு."

மஞ்சள் பனியனும் ஆடினாள். இடது காலைத் தூக்கினாள், வைத்தாள். மறுபடி இடது காலைத் தூக்கினாள். நான்கு நிமிடம், ஆறு நிமிடம். தூக்கியதெல்லாம் இடது கால். வலது கால் நட்ட கம்பம்போல் மணலில் நின்றது. பெண்ணின் முகமும் அதே மாதிரிதான் இருந்தது.

"அக்கா..."

"பார்த்துட்டேன். போய்க் கூட்டிட்டு வா."

"எந்தக் காரணம் சொல்லி?"

"எதையாவது சொல்லு. சரின்னுதான் சொல்லுவா."

மஞ்சள் சரி என்றாள். கூடாரத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். வயது பதினேழு. கண் எதிரே இருந்த கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் அவளுடைய வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. உள்ளங்கால் முழுக்கச் சிவந்து, குதிகாலுக்கு முன்னால் ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. கணுக்காலின் உட்புறம், எலும்புக்குப் பின்னால், ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி.

"எப்படிம்மா ஆச்சு?" என்றாள் க்ளெய்ம் அக்காள்.

"நேத்து சாயங்காலம் பயிற்சியில. பாறையில இடிச்சுது."

"ஊசி போட்டது யாரு?"

அவள் பனியனின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

"ஆமா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

  

"சிஸ்டர், இந்தப் புள்ளியைப் பத்திச் சொல்லுங்க."

"ஒரே குத்துல நரம்பைப் பிடிச்சிருக்காங்க. நான் போட்டா நாலு இடத்துல தேடுவேன். இது எலும்பு டாக்டர் கை. அதுலயும் நல்ல கை." சொல்லிவிட்டு நர்ஸ் கசப்பாகச் சிரித்தாள். "நான் சொன்னா யாரு நம்பப் போறாங்க? என்னைக் காப்பாத்திக்கச் சொல்றேன்னுதான் சொல்வாங்க."

"டாக்டரோ ஊர்லயே இல்ல," என்றான் தகரம். "கோச்சா இருக்குமோ?"

"கோச் அண்ணா ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் போட்டுடுவார்," என்றாள் மஞ்சள், கூடாரத் துணியிடம்.

"பெரியப்பான்னு சொல்லலாம்னா, அவருக்கு ரிப்பன் வெட்டற கத்தரிக்கோலைத் தவிர வேற ஆயுதம் தெரியாது."

க்ளெய்ம் அக்காள் மடியிலிருந்த நினைவு மலரில் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். பக்கம் முப்பத்தொன்று. தலைவர் நீர்த்தொட்டி திறந்துவைக்கிற படத்துக்கும், தலைவர் மரம் நடுகிற படத்துக்கும் நடுவே, எறும்பு ஊர்ந்ததுபோல் நாலு வரி இருந்தது. இரண்டு தடவை படித்தாள். மணி பதினொன்று ஐம்பது.

"வாங்க. எல்லாரும்தான். சிஸ்டர், நீங்களும்."

பந்தலில் தலைவர் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு நன்றாக அமைந்த திருப்தி முகத்தில் வழிந்தது. பக்கத்தில் தொப்பி அம்மாள்.

"அறிக்கை தயாராம்மா?"

"தயார் சார். அதுக்கு முன்னாடி உங்க மலர்ல ஒரு அச்சுப்பிழை. பிரிண்டர் பண்ணின தப்பு போலருக்கு."

"பிழையா? நானே மூணு தடவை திருத்தினேனே!"

"முப்பத்தொண்ணாம் பக்கம். 'எலும்பு மருத்துவ மேற்படிப்பில் தங்கப் பதக்கம்'னு போட்டிருக்கு. வேற யாரோட வாழ்க்கையையோ உங்களோடதுல சேர்த்துட்டாங்க. நீங்களாவது, டாக்டருக்குப் படிக்கிறதாவது."

"அதான் சார், எனக்கும் சிரிப்பு வந்துது," என்றான் தகரம். "உங்களுக்கு எதுக்குப் படிப்பெல்லாம்? யாராவது விவரம் தெரியாதவங்க நம்பிடப் போறாங்க."

தலைவரின் முகம் சிவந்தது. கோப்பையை மேஜையில் வைத்தார்.

"யாருய்யா சொன்னது பிழைன்னு? ஒன்பது வருஷம் படிச்சேன்! அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துலயே என் கை மாதிரி கை கிடையாது. மத்தவன் எக்ஸ்ரே எடுத்துட்டுத் தேடுவான். நான் கண்ணை மூடிட்டு விரலாலயே கணுக்கால் நரம்பைத் தொட்டுச் சொல்லுவேன். ஒரே குத்து! இன்னிக்கும், கேட்டா..."

சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

மேஜை விசிறி இடமிருந்து வலமாகத் திரும்பியது. எல்லோர் முகத்திலும் ஒரு தடவை ஊதிவிட்டு மறுபடி இடம் போனது. தொப்பி அம்மாள் எட்டு நாளில் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"இன்னிக்கும்?" என்றாள் க்ளெய்ம் அக்காள்.

தலைவர் மஞ்சளைப் பார்த்தார். அவள் கம்பளத்தைப் பார்த்தாள். அவள் எதையும் சொல்லவில்லை என்பது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். சொன்னதெல்லாம் அவர்தான்.

"இதுல தப்பு என்ன இருக்கு?" குரல் இறங்கியிருந்தது. "ஒரு வருஷம் உழைச்சா. ரெண்டு விரலுக்காகப் போகட்டும்னு விடறதா? வலிக்காமப் பார்த்துக்கிட்டேன். அவ்வளவுதான். பெத்த அப்பன் இருந்தாக்கூட..."

"சிஸ்டர் என்ன பண்ணினாங்க?"

"கணக்குன்னு ஒண்ணு கேப்பாங்களே. யாராவது ஒருத்தர் பேர் சொல்லணும்ல?" நியாயமான விலை சொன்ன கடைக்காரரைப்போல் கையை விரித்தார்.

வெளியே ஹார்ன் ஒலித்தது. பெண்கள் இறுதிச் சுற்றுக்கு ஐந்து நிமிடம்.

தொப்பி அம்மாள் மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு பேசினார். "அடிபட்டவங்களை வெளியேத்தற அதிகாரம் டாக்டருக்குத்தான். அவர் இங்க இல்ல. அதனால இறங்கறதா வேண்டாமான்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும்."

தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். "போம்மா. உனக்கு வலிக்கலதானே?"

"வலிக்கல பெரியப்பா."

"அப்புறம் என்ன?"

"சரி," என்றாள் மஞ்சள். பலகையை எடுக்கக் குனிந்தாள்.

நர்ஸ் குறுக்கே நிற்கவில்லை. கம்பளத்தில் மண்டியிட்டு அந்த வலது காலைப் பிடித்துத் திருப்பினாள். "கொஞ்சம் குனிஞ்சு பாரு."

கொப்புளம் இப்போது எலுமிச்சை அளவில் தளதளவென்று நின்றது.

"இது எப்போ வந்துச்சு?" என்றாள் மஞ்சள்.

"இப்பத்தான். பெரியப்பா பேசும்போது. மத்த ஏழு பேரும் குதிச்சாங்களே, நீ ஏன் குதிக்கல?"

"சுடலையே."

"சுட்டுச்சு. உனக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். அலைக்குள்ள கால் திரும்பினாலும் சொல்ல மாட்டாங்க. உடைஞ்சாலும் சொல்ல மாட்டாங்க. மருந்து இறங்கினப்புறம்தான் தெரியும். அதுக்கப்புறம் அது என் கையிலயும் இல்ல, பெரியப்பா கையிலயும் இல்ல."

மஞ்சள் குனிந்தபடியே இருந்தாள். வேறு யாருடைய பாதத்தையோ அடையாளம் காட்டச் சொன்னதுபோல் அதை வெகு நேரம் பார்த்தாள். விரலால் கொப்புளத்தைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். பிறகு நீச்சலுடைக்கு மேல் போட்டிருந்த பனியனைத் தலை வழியாகக் கழற்றி, மடிக்காமல், பழச்சாற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"நான் போகல பெரியப்பா."

தலைவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் எழுந்து அவருக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"அலமாரிச் சாவி."

"அது ஆபீஸ் உறையில..."

"காலையில என்கிட்ட வாங்கினதைக் கேக்கறேன். இல்லேன்னா, உறையில இருக்க வேண்டியதைக் கொடுங்க. ஏதோ ஒண்ணு பையில இருக்கும். பிள்ளைக்குக் கட்டுப் போடணும்."

தலைவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். எடுத்தபோது இரண்டு சாவியும் சேர்ந்தே வந்தன.

கூடாரத்தில் நர்ஸ் முத்திரைக் காகிதத்தைக் கிழித்து அலமாரியைத் திறந்தாள். சுத்தமான தண்ணீரை வாளியில் ஊற்றி அந்தக் காலை அதில் வைத்தாள். விரல்களுக்கு அட்டை வைத்துக் கட்டினாள். அவள் கை வேகமாகவும் சரியாகவும் ஓடியது; முகத்தில் மட்டும் காலையில் இருந்த அதே களைப்பு. தனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டதை அவள் இன்னும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளியே இறுதிச் சுற்று மூன்று நிறங்களோடு நடந்தது. ஒலிபெருக்கி அடிக்கடி கரகரத்தது: "சிவப்பு, ஆறு புள்ளி ஐந்து. நீலம், ஏழு புள்ளி இரண்டு."

"சிஸ்டர்," என்றான் தகரம், "இனிமேலாவது அழலாமே? லெட்டர் மேடம் பைக்குள்ள போயிடுச்சு."

"டியூட்டியில இருக்கேன்."

க்ளெய்ம் அக்காள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டபடி ஒரு பக்கம்தான். பெண்கள் முடித்தார்கள், பையன்கள் இறங்கினார்கள். மஞ்சள், கோப்பையில் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை, கேட்ட கேள்விக்குத் தலையாட்டினாள், மற்றபடி துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி ஆனது. ஒன்று பத்து ஆனது.

ஒன்று இருபதுக்கு அவள் காலை வெடுக்கென்று இழுத்தாள்.

"சிஸ்டர்."

"என்னம்மா?"

"என்னமோ பண்ணுது."

நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளிப் படிவத்தை எடுத்தாள். "வலியா? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவுன்னு சொல்லு."

வெளியே ஒலிபெருக்கி, "வெள்ளை, எட்டு புள்ளி ஒன்று," என்றது.

மஞ்சள் கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள்.  "எட்டு புள்ளி மூணு... இல்ல, எட்டு புள்ளி ஏழு..."

"புள்ளியெல்லாம் வேணாம்மா. உனக்கு எவ்வளவு வலிக்குது?"

"ஒம்பது," என்றாள் அந்தப் பெண். நர்ஸின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு, சத்தமாக அழ ஆரம்பித்தாள். நர்ஸ் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒன்பது என்று எழுதினாள்.